சம்பளமும் மனநிறைவும்: கணினித் தொழிலும் பிற தொழில்களும்



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், தோட்டத்து வீடுகளிலும் சரி, தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் வாழும் அடுக்குமாடி வீடுகளிலும் சரி, ஒரே பேச்சுத்தான். "உங்க பையன் அடுத்து என்ன படிக்கப் போறான்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். "கம்ப்யூட்டர் படிக்க வைக்கலாம்னு இருக்கோம் அக்கா. அதுலதான் நல்ல சம்பளமாம்" என்று பதில் வரும். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். அந்த வேலையில் அமர்ந்த பின் பிள்ளை காலை முதல் மாலை வரை என்ன செய்வான், அதைச் செய்வதில் அவன் மனம் நிறையுமா, பத்து ஆண்டுகள் கழித்தும் விருப்பத்தோடு வேலைக்குப் புறப்படுவானா என்றெல்லாம் நாம் கேட்பதே இல்லை. இன்றைய உரையில் அந்தக் கேள்விகளைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

"மனநிறைவா? எங்க அப்பா காலத்துல அதையெல்லாம் யார் கேட்டாங்க?" என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். உண்மைதான். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தவர்களுக்கு, எந்த வேலை பிடிக்கும் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருந்ததில்லை. அந்த வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு இன்று கிடைத்திருக்கிறது. கிடைத்த வாய்ப்பைக் கண்ணை மூடிக்கொண்டு செலவழிக்கலாமா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டு வேலைச் சட்டத்தின்படி, 2023 ஜனவரி முதல் தேதி தொடங்கி, வாரத்துக்கு மிகுதியாக 45 மணி நேரம்தான் வேலை. ஆண்டுக்கு ஐம்பது வாரம் என்று வைத்துக்கொண்டால் 2,250 மணி நேரம் ஆகிறது. முப்பது ஆண்டுகளில் 67,500 மணி நேரம். ஒரு மனிதனின் வாழ்நாளில் இவ்வளவு பெரிய பகுதியைக் கொண்டுபோகும் ஒன்றைச் சம்பளம் என்ற ஒரே அளவுகோலால் அளந்துவிட முடியாது.

கணினித் தொழில் நமக்குத் தொலைவில் உள்ள பொருளன்று. இன்று புத்ராஜெயா நகரம் நிற்கும் இடத்தில் முன்பு பேராங் புசார் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் உருவான ரப்பர்த் தோட்டம் அது. அதனை ஒட்டி எழுந்த சைபர்ஜெயா, 1996-இல் அரசாங்கம் அறிவித்த மல்டிமீடியா பெருவழித் திட்டத்தின் மைய நகரமாகும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் 1972-ஆம் ஆண்டு முதலே மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்கி வருகின்றன. அண்மைக் காலத்தில் ஜொகூரின் கூலாய், செடெனாக் பகுதிகளில் பெரிய பெரிய தரவு மையங்கள் எழுந்துள்ளன. நம் முன்னோர் மரம் வெட்டிய மண்ணிலேயே, நம் பிள்ளைகள் குளிரூட்டிய அறையில் அமர்ந்து வேலை செய்கிறார்கள். இது பெருமைக்குரிய மாற்றம்தான். ஆயினும் குளிரூட்டிய அறை ஒன்றே மனத்தைக் குளிர்வித்துவிடுமா என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். "தோட்ட வேலை" என்று வெளியார் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அதற்குள் பால் வெட்டுபவர் வேறு, செம்பனைக் குலை அறுப்பவர் வேறு, உதிரிப் பழம் பொறுக்குபவர் வேறு, மருந்து தெளிப்பவர் வேறு, ஆலையில் நிற்பவர் வேறு, கிராணி வேறு என்பது நமக்குத் தெரியும். கணினித் துறையும் அப்படித்தான். கணினிக்குரிய கட்டளைகளை எழுதி மென்பொருள் உருவாக்குபவர் ஒருவர். அந்த மென்பொருளில் பிழை உண்டா என்று சோதிப்பவர் இன்னொருவர். ஆண்டுக்கணக்கில் பழகிவிட்ட பழைய மென்பொருளைப் பராமரிப்பவர் மற்றொருவர். அலுவலகங்களின் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துக் காப்பவர் வேறொருவர். வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்லும் குறைகளைக் கேட்டு வழி சொல்பவரும் இத்துறையைச் சேர்ந்தவர்தான். இவர்கள் அனைவரும் "ஐ.டி.யில் வேலை" என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் இவர்களுடைய ஒரு நாள் பொழுது ஒன்றுபோல் இராது. ஆகவே, கணினித் துறையில் மனநிறைவு உண்டா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த வேலையில், எப்படிப்பட்ட மனிதருக்கு என்று கேட்க வேண்டும்.

இனி, சம்பளத்துக்கு வருவோம். சம்பளத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. பசித்த வயிற்றுக்கு மனநிறைவைப் பரிமாற முடியாது. ஆனாலும் சம்பளம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் பிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்துப் பேசினார்கள். வேலையில் மிகவும் மகிழ்ந்த நேரம் எது, மிகவும் நொந்துபோன நேரம் எது என்று கேட்டார்கள். 1959-இல் அந்த ஆய்வு நூலாக வந்தது. மகிழ்ந்த நேரங்களைச் சொன்னவர்கள், ஒரு வேலையைச் சாதித்து முடித்தது, அது பாராட்டப்பட்டது, வேலையே சுவையாக இருந்தது, பொறுப்புக் கிடைத்தது என்றெல்லாம் சொன்னார்கள். நொந்த நேரங்களைச் சொன்னவர்கள், நிருவாகத்தின் விதிமுறை, மேலாளரின் போக்கு, சம்பளம், வேலையிடத்துச் சூழல் ஆகியவற்றைச் சொன்னார்கள்.

இதனை நம் வீட்டு எடுத்துக்காட்டால் விளக்கலாம். கூரை ஒழுகினால் தூக்கம் கெடுகிறது. ஒழுகலை அடைத்துவிட்டால் தொல்லை தீர்கிறது. ஆனால், "எங்கள் கூரை ஒழுகவில்லை" என்பதற்காக யாரும் நாள்தோறும் மகிழ்ந்துகொண்டிருப்பதில்லை. சம்பளம் கூரையைப் போன்றது. அது போதாவிட்டால் வாழ்க்கை துன்பம். போதுமான அளவு வந்துவிட்டாலோ, நிறைவை வேறு இடத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது. இந்த ஆய்வுக்கு மறுப்புச் சொன்ன அறிஞர்களும் உண்டு. நல்லது நடந்தால் தம்மால் நடந்தது என்றும், கெட்டது நடந்தால் பிறரால் நடந்தது என்றும் சொல்வது மனித இயல்பல்லவா என்று அவர்கள் கேட்டார்கள். அந்த மறுப்பிலும் நியாயம் உண்டு. எனினும், வேலைக்கு வெளியே இருப்பவற்றையும் வேலைக்கு உள்ளேயே இருப்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்னும் பாடம் நமக்குப் பயன்படும்.

வேலைக்கு உள்ளே இருப்பது என்ன? 1970-களின் நடுவில் ஹேக்மன், ஓல்டம் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் அதனை ஐந்து கூறுகளாகப் பிரித்தார்கள். அந்த ஐந்தையும் நமக்குத் தெரிந்த பால்வெட்டு வேலையில் வைத்துப் பார்ப்போம்; பிறகு கணினித் தொழிலுக்குப் போவோம்.

முதலாவது, பலவகைத் திறன். பால் வெட்டுவது எளிய வேலை என்று நினைப்பவர், கத்தியைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். பட்டையை மெல்லிதாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் உள்மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சாய்வு தவறினால் பால் கோட்டை விட்டு வழிந்துவிடும். இத்தனையும் இருட்டு விலகும் நேரத்தில், ஒரு மரத்துக்குச் சில நொடிகளில் நடக்க வேண்டும். இரண்டாவது, வேலையின் முழுமை. ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை நாமே செய்கிறோமா, அல்லது ஒரு துண்டை மட்டும் செய்துவிட்டு அடுத்தவரிடம் தள்ளுகிறோமா என்பது. பால்வெட்டுத் தொழிலாளிக்குத் தம்முடைய மரங்கள் எவை என்று தெரியும். வெட்டுவதும், மங்கில் பால் எடுப்பதும், ஸ்டோரில் கொண்டுபோய் நிறுப்பதும் அவரே.

மூன்றாவது, வேலையின் மதிப்பு. நாம் செய்வது யாருக்குப் பயன்படுகிறது என்று நமக்குத் தெரிகிறதா? இங்கே தோட்ட வேலை சற்றுத் தாழ்ந்துவிடுகிறது. நம் பால், மருத்துவர் அணியும் கையுறையாகவும் விமானத்தின் சக்கரமாகவும் மாறுவதை நம்மில் பலர் கண்ணால் கண்டதில்லை. நான்காவது, சுய பொறுப்பு. எந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை எவ்வளவு? தோட்டத்தில் மண்டோர் சொல்வதுதான் முடிவு. மழை பெய்தால் வெட்டில்லை. ஐந்தாவது, வேலையின் பலன் உடனே தெரிவது. பாலை அன்றன்றே நிறுத்துவிடுவதால், இன்றைய உழைப்பு எவ்வளவு என்று அன்றைக்கே தெரிந்துவிடுகிறது.

இதே ஐந்தையும் மென்பொருள் எழுதுபவரிடம் வைத்துப் பார்ப்போம். திறன் நிரம்ப வேண்டும். புதிது புதிதாகக் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். சுய பொறுப்பும் பெரும்பாலும் உண்டு. முடிவு இதுதான் என்று சொல்லிவிட்டால், அதற்கு எந்த வழியில் போவது என்பதை அவரே தீர்மானிப்பார். பலன் தெரிவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. எழுதிய கட்டளையில் ஒரு புள்ளி தவறினாலும் கணினி அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். இந்தத் தொழிலை விரும்புகிறவர்கள் அதில் மெய்ம்மறந்து மூழ்குவதற்கு இது முக்கியமான காரணம். பூட்டைத் திறக்கச் சாவி தேடுபவர்போல் மணிக்கணக்கில் முயன்று, கடைசியில் அது திறந்துகொள்ளும்போது அவர்கள் அடையும் மகிழ்ச்சி சம்பளச் சீட்டில் அச்சாவதில்லை.

ஆனால் முழுமை? பெரிய நிறுவனங்களில் ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு மென்பொருளைச் செய்கிறார்கள். ஒருவர் செய்வது அதில் ஒரு மூலை. சில வேளைகளில் ஓராண்டு உழைத்த திட்டம் ஒரே நாளில் கைவிடப்படும். அதை யாருமே பயன்படுத்தமாட்டார்கள். மதிப்பும் இடத்துக்கு இடம் மாறும். மருத்துவமனைக்கு மென்பொருள் செய்பவருக்குத் தம் வேலையின் பயன் தெளிவாகத் தெரியும். விளம்பரத்தை எந்த இடத்தில் காட்டினால் கூடுதலாக ஒருவர் அழுத்துவார் என்று கணக்குப் போடுபவருக்கு, "இதனால் யாருக்கு என்ன நன்மை?" என்ற கேள்வி என்றாவது ஒருநாள் எழக்கூடும்.

தொலைபேசி உதவிப் பிரிவில் அமர்பவரின் நிலை இன்னும் வேறு. ஒரே வகையான குறைகளை நாள் முழுவதும் கேட்க வேண்டும். சொல்ல வேண்டிய வாசகத்தை எழுதியே கொடுத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு, ஓர் அழைப்புக்கு எத்தனை நிமிடம் என்று இயந்திரம் எண்ணிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக இரவு வேலை பார்ப்பவர்களும் உண்டு. உட்கார்ந்திருப்பது கணினியின் முன்னால்தான். ஆனால் அந்த வேலையின் உள்ளமைப்பு, எண்ணிக்கை பார்த்து விரட்டப்படும் எந்தப் பழைய வேலைக்கும் நெருங்கிய உறவு.

இப்போது மற்றத் தொழில்களோடு ஒப்பிடுவோம். தாதியர் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு டிப்ளோமா படிப்பு. வேலையின் மதிப்பு என்ற கூறில் இதனோடு போட்டியிடும் தொழில் அரிது. வலியில் துடித்தவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவதைத் தாதி தம் கண்ணாலேயே பார்க்கிறார். ஆனால் காலை, மாலை, இரவு என்று மாறி மாறி வரும் வேலை நேரம் உடலை வாட்டும். சுய பொறுப்பும் குறைவு. மின்சார வேலையில் முழுமை நன்றாகத் தெரியும். காலையில் இருண்டிருந்த கட்டடத்தில் மாலையில் விளக்கு எரிந்தால், அதை எரியவைத்தவர் யார் என்பதில் ஐயமில்லை. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனும் சார்ஜ்மேனும் தங்கள் கையெழுத்துக்குத் தாங்களே பொறுப்பாளிகள். ஆயினும் அந்த வேலையில் ஆபத்து உண்டு. வெயிலும் உயரமும் உண்டு. ஆசிரியர் தொழிலிலோ பலன் மிகத் தாமதமாகத் தெரியும். முதலாம் ஆண்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறிய பிள்ளை என்ன ஆனது என்று அறியப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

ஆக, எல்லாக் கூறுகளும் நிரம்பிய தொழில் என்று ஒன்றுமில்லை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது தொழிலுக்கும் பொருந்தும்.

இங்கே வேறொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். ஒரே வேலை ஒருவருக்கு இனிக்கும், இன்னொருவருக்குக் கசக்கும். கணினித் துறை ஊழியர்களையே தனியாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தவர்கள் அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த கூகர், ஜவாக்கி என்னும் இரு பேராசிரியர்கள். அவர்களுடைய நூல் 1980-இல் வெளிவந்தது. மற்றத் தொழில்களில் இருப்பவர்களோடு ஒப்பிட்டபோது, கணினி ஊழியர்களிடம் இரண்டு இயல்புகள் தனித்துத் தெரிந்தன. புதிதாகக் கற்று வளர வேண்டும் என்ற வேட்கை அவர்களுக்கு மிகுதி. பிறரோடு கூடிப் பழக வேண்டும் என்ற தேவை குறைவு. இது நூற்றுக்கு நூறு எல்லாருக்கும் பொருந்தும் விதியன்று. இன்றைய கணினித் தொழிலில் குழுவாகக் கூடிப் பேசும் நேரமும் கூடியிருக்கிறது. ஆனாலும் பெற்றோருக்கு இது ஒரு நல்ல அடையாளம். தனியே உட்கார்ந்து ஒரு புதிரோடு மல்லுக்கட்டுவதில் உங்கள் பிள்ளைக்கு விருப்பமா? அல்லது நாலு பேருடன் பேசிச் சிரித்து ஓடியாடினால்தான் அவன் முகம் மலருமா? பதினேழு ஆண்டுகள் வளர்த்த தாய்க்கு இது தெரியாமல் இருக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். தாயார் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர். மூத்த மகள் கணினியில் டிப்ளோமா முடித்து, கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் தொலைபேசி உதவிப் பிரிவில் சேர்ந்தாள். நல்ல சம்பளம். வீட்டுக்குக் குளிர்பதனப் பெட்டி வந்தது. அடகில் இருந்த அம்மாவின் சங்கிலி மீண்டது. ஆனால் இரண்டே ஆண்டில், "அம்மா, என்னால முடியல. வேலையை விட்டுடறேன்" என்று அழுதுகொண்டு வந்து நின்றாள். ஊரார், "குளிர் அறையில உட்கார்ந்து சம்பளம் வாங்க வலிக்குதா?" என்றார்கள். தாயார் அப்படிக் கேட்கவில்லை. "அங்க என்னம்மா செய்யச் சொல்றாங்க?" என்று கேட்டார். மகள் ஒரு நாள் வேலையை முழுதாகச் சொன்னாள். பேசி முடித்ததும், அவளுக்குப் பிடிக்காதது கணினியன்று, நிமிடக் கணக்கில் பேசச் சொல்லும் அந்த இருக்கைதான் என்பது இருவருக்கும் விளங்கியது. அவள் அதே நிறுவனத்தில் கணினி இணைப்புகளைப் பராமரிக்கும் பிரிவுக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டாள். சம்பளம் ஏறவில்லை. ஆனால் பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை அவளுக்குப் பிடித்துவிட்டது. இன்றும் அதில்தான் இருக்கிறாள்.

அடுத்து, தம்பியின் முறை வந்தது. அக்கா போன வழியிலேயே அவனையும் அனுப்ப, அந்தச் சங்கிலியை மறுபடி அடகு வைக்கத் தாயார் தயாராக இருந்தார். தடுத்தவள் அக்காதான். "அவன் ஒரு மணி நேரம் ஒரே இடத்துல உட்கார்ந்து நான் பார்த்ததில்லைம்மா. ஆனா தோட்டத்துல யார் வீட்டு மின்விசிறி நின்னாலும் அவனைத்தான் கூப்பிடுறாங்க" என்றாள். தம்பி அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகத்தில் மின்சாரம் படித்தான். இப்போது ஜொகூரில் ஒரு தரவு மையத்தில் மின்சாரப் பராமரிப்புக் குழுவில் இருக்கிறான். கணினி உலகின் சுவருக்குள்ளேதான் அவனும் வேலை செய்கிறான். ஆனால் தனக்குப் பொருந்திய வாசல் வழியாக உள்ளே போயிருக்கிறான்.

மனநிறைவு குறைந்தால் மனம் மட்டுமா வாடும்? உடலும் வாடும் என்பதற்குச் சான்று உண்டு. வேலைப் பளு மிகுந்து, அதைச் செய்யும் முறையில் சுய உரிமை குறைந்திருந்தால்தான் மன இறுக்கம் மிகுதியாகிறது என்று ராபர்ட் கராசெக் என்னும் அறிஞர் 1979-இல் எடுத்துக்காட்டினார். லண்டனில் 10,000-க்கும் மேற்பட்ட அரசாங்க ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஓர் ஆய்விலும், வேலையில் தமக்குக் கட்டுப்பாடு குறைவு என்றவர்களிடம் இதயநோய் மிகுதியாகக் காணப்பட்டது. கடினமான வேலை என்பதற்காக அஞ்ச வேண்டியதில்லை. கடினமான வேலையில் நம் சொல்லுக்கு இடமில்லாமல் போவதுதான் அஞ்சத்தக்கது. கணினித் தொழிலிலும், திட்டம் முடியும் நாள் நெருங்கும்போது இரவு பகலாக உழைக்க வேண்டிவரும். நள்ளிரவில் ஓர் இயந்திரம் நின்றுபோனால் தொலைபேசி அடிக்கும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது எப்போதாவதா, எப்போதுமா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

இதில் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் பெறுபவருக்கு, சாதாரண நாளில் வேலை நேரம் கடந்து செய்யும் வேலைக்கு மணிக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் பெறும் உரிமையை வேலைச் சட்டம் தருகிறது. அதற்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு அந்த உரிமை சட்டப்படி இல்லை. வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. ஆகவே சம்பளத் தொகையைப் பார்க்கும்போது, எத்தனை மணி நேரத்துக்கு அந்தச் சம்பளம் என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிலைத்தன்மையைப் பற்றியும் ஒரு சொல். கணினி வேலை கிடைத்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் கவலையில்லை என்ற எண்ணம் பரவலாக உண்டு. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000-க்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நிறுத்துவதாக அறிவித்தது. 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரை நிறுத்துவதாகச் சொன்னது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களிலேயே இந்த நிலை. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்த பிறகு, எளிய கட்டளைகளை இயந்திரமே எழுதித் தருவதும் வழக்கமாகிவருகிறது. இதைக் கேட்டுத் துறையையே வெறுத்துவிட வேண்டாம். கற்பதை விரும்புகிறவன், பழைய கருவி போனால் புதிய கருவியைக் கையில் எடுப்பான். சம்பளத்துக்காக மட்டும் வந்தவனுக்குத்தான் ஒவ்வொரு மாற்றமும் இடியாக விழும். மனநிறைவு என்பது வெறும் மகிழ்ச்சிக்கான பொருளன்று, பிழைப்புக்கும் துணையாவது என்பதை இதனால் அறியலாம்.

அப்படியானால் பெற்றோராகிய நாம் செய்யக்கூடியவை யாவை?

முதலில், அந்த வேலையில் இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். தோட்டத்திலிருந்து படித்துப் போனவர்கள் இப்போது எங்கும் இருக்கிறார்கள். தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது சந்திக்கலாம். "சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காமல், "நேற்று காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள் தம்பி?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் கிடைப்பது ஓர் எண். இரண்டாவது கேள்விக்குக் கிடைப்பது அந்த வேலையின் முகம்.

இரண்டாவதாக, பணம் கட்டுமுன் பிள்ளை அந்த வேலையைச் சிறிதளவாவது செய்து பார்க்கட்டும். நிரல் எழுதக் கற்றுத்தரும் இலவசப் பாடங்கள் இணையத்தில் நிறைய உண்டு. பள்ளியில் கணினிக் கழகம் இருந்தால் அதில் சேரலாம். பள்ளி விடுமுறையில் ஒரு மாதம் முயன்று பார்த்தாலே, இனிக்கிறதா கசக்கிறதா என்பது ஓரளவு விளங்கிவிடும். ஓரிடத்தில் தடங்கல் வந்தபோது அவன் எரிச்சலோடு எழுந்துபோகிறானா, சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருக்கிறானா என்று கவனியுங்கள்.

மூன்றாவதாக, கடன் வாங்குமுன் கல்லூரியை ஆராயுங்கள். பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி, தொழிற்பயிற்சிக் கழகம் போன்ற அரசாங்க நிலையங்களில் செலவு குறைவு. தனியார் கல்லூரியாக இருந்தால், அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். பி.டி.பி.டி.என். பணம் நன்கொடையன்று, திருப்பிக் கட்ட வேண்டிய கடன். பிடிக்காத படிப்புக்கு வாங்கிய கடன், பிடிக்காத வேலையில் பிள்ளையைக் கட்டிப்போட்டுவிடும்.

நான்காவதாக, வேலையில் சேர்ந்த பிள்ளை சோர்ந்து வந்தால், "விட்டுவிடு" என்றும் சொல்லிவிடாதீர்கள், "பொறுத்துக்கொள்" என்றும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்ன ஐந்து கூறுகளில் எது குறைகிறது என்று பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். திறனுக்கு வேலையில்லையா? முழுமை இல்லையா? பயன் தெரியவில்லையா? சுய பொறுப்பு இல்லையா? பலன் தெரியவில்லையா? குறை எது என்று தெரிந்துவிட்டால், இருக்கையை மாற்றினால் போதுமா, நிறுவனத்தை மாற்ற வேண்டுமா, தொழிலையே மாற்ற வேண்டுமா என்பது தானாகவே தெளிவாகும்.

நேயர்களே, கணினித் தொழிலை உயர்த்தியோ தாழ்த்தியோ பேசுவது இவ்வுரையின் நோக்கமன்று. புதிர்களை விரும்பும் பிள்ளைக்கு அது அருமையான தொழில். நோயாளியின் கையைப் பற்றி ஆறுதல் சொல்வதில் நிறைவு காணும் பிள்ளைக்கு மருத்துவமனையே கோயில். பழுதான இயந்திரத்தைக் கண்டால் கை துறுதுறுக்கும் பிள்ளைக்குப் பட்டறையே பள்ளி. அவரவர் மனத்தின் அளவுக்கு ஏற்ற தொழிலைத் தேடித் தருவதே நாம் பிள்ளைகளுக்கு வைத்துப்போகும் சொத்து. இந்த ஆண்டு தேர்வு முடிவுத் தாளோடு உங்கள் மகனோ மகளோ வந்து நிற்கும்போது, எத்தனை ஏ என்று பார்த்த கையோடு, "எந்த வேலையைச் செய்யும்போது உனக்கு நேரம் போவதே தெரியவில்லை?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். மற்றவற்றை அதன் பிறகு பேசலாம்.